ஈரல் நோயும் தீராத களைப்பும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொழுப்பு ஈரல் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் என்சைம்கள் சரி. ஆனாலும் மதியத்துக்கு மேல் எழும்பவே முடியவில்லை. வீட்டில் "சாட்டு" என்கிறார்கள். (வாசகி, வெள்ளவத்தை)

சாட்டு இல்லை, தங்கச்சி. எஸ்ஜிபிடி என்ற ஈரல் என்சைமின் எண்ணுக்கும் களைப்பின் அளவுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. ஈரல் லேசாகத்தான் பழுதடைந்திருக்கும், ஆள் படுத்த படுக்கையாக இருப்பார். என்றாலும் எல்லாவற்றையும் ஈரலின் தலையில் போடாதீர்கள். தைரொயிட், ஹீமோகுளோபின், சீனி மூன்றையும் பாருங்கள். இரவில் குறட்டை உண்டா? கொழுப்பு ஈரல்காரர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது சாதாரணம். மனச்சோர்வு இருந்தால் அதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சமையல், துவையல் போன்ற பாரமான வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஈரல் களைப்புக்கு நல்ல குளிசை ஒன்று சொல்லவும்.

வயது இல்லை, என்ன ஈரல் நோய் என்று இல்லை, குடிக்கும் மருந்து விவரமும் இல்லை. இப்படி எழுதினால் நான் என்ன சொல்ல? இந்தக் களைப்புக்கென்று தனிக் குளிசை கிடையாது.

அப்பாவுக்கு சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்). பகல் முழுக்கத் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. தூக்கக் குளிசை கொடுக்கலாமா? (மகன், கொட்டாஞ்சேனை)

கொடுக்கவே கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சியின் பழைய மருந்துத் துண்டைக் காட்டி பார்மசியில் வாங்கிக் கொடுக்கிறார்கள், மறுநாள் ஆள் எழும்பவில்லை என்று ஓடிவருகிறார்கள். பகலும் இரவும் இப்படித் தலைகீழாவது பல வேளை வெறும் களைப்பே அல்ல. ஈரல் வடிகட்டாமல் விட்ட அமோனியா போன்ற நச்சுகள் மூளையைத் தொடுகின்றன என்பதற்கு அது முதல் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் தூக்கக் குளிசை மயக்கத்தில்தான் கொண்டுபோய் விடும்.

இன்றைக்கே அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி, போன வருடம் வங்கியில் போட்டதோடு ஒப்பிடுங்கள். இரு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல் நோக்கி மடிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து கோணலாக மாறியிருந்தாலோ, கை படபடவென்று விழுந்து விழுந்து எழும்பினாலோ அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். ஆளையே அடையாளம் தெரியாமல் பேசினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று. லக்டுலோஸ் பாணி (மலத்தை இளக்கி அந்த நச்சுகளை வெளியேற்றும் மருந்து) தந்திருந்தால், "பஸ்ஸில் போக முடியவில்லை, வயிற்றால் போகிறது" என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கு 2, 3 தடவை இளக்கமாகப் போக வேண்டும், அதற்குத்தான் அது. அதற்கு மேல் போனால் அளவைக் குறைப்பது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். மலச்சிக்கல்தான் இந்த நோயாளிக்கு எதிரி.

சிரோசிஸ் உள்ளவர் கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா?

வேண்டாம். பழுதான ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. ஓர் இரவுப் பட்டினியே நல்ல உடம்புக்கு 2, 3 நாள் பட்டினி போல. உடம்பு தன் தசையையே கரைக்கத் தொடங்கும், களைப்பு இரட்டிப்பாகும். முருகனுக்கு இது தெரியும். படுக்கப்போகும் முன் 2 துண்டுப் பாணும் ஒரு கப் பாலும் கட்டாயம். புரதத்தைக் குறைக்கச் சொல்வது பழைய பேச்சு. 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 70 கிராம் அளவு வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, கடலை. வயிற்றில் நீர் கட்டியிருந்தால் கருவாடும் ஊறுகாயும் மட்டும் ஆகாது.

காலி முகத்திடலில் நடக்கலாமா, ஓய்வுதான் நல்லதா?

நடக்கலாம். 10 நிமிடத்தில் தொடங்குங்கள், வெயில் தாழ்ந்த பிறகு. படுத்தே கிடந்தால் தசை போகும்.

உடம்பு அலுப்புக்குச் சீந்தில் குடிநீர் எடுக்கிறேன். நல்லதுதானே?

நிறுத்துங்கள். சிங்களத்தில் ரசகிந்த என்பதும் இதுதான். இந்தியாவில் கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துப் பலருக்கு ஈரல் அழற்சி வந்தது பதிவாகியிருக்கிறது. அந்தப் போத்தலை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சீனி போடாத கோப்பி தாராளமாகக் குடிக்கலாம், அது ஈரலுக்கு நல்லது.

உடம்பு நோவுக்குப் பனடோல்?

சிரோசிஸ் என்றால் வைத்தியரைக் கேட்டபின், நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை 4க்கு மேல் வேண்டாம். டைக்ளோபெனாக், இபுபுரோபன் பக்கம் போகவே வேண்டாம்.