நிலுவைத் தொகை ஏன் குப்பையாகிறது? மெயின்ஃபிரேம் கோப்பைக் கணினிக்கு மாற்றும்போது

கேள்வி: பழைய மெயின்ஃபிரேமிலிருந்து (ஐபிஎம்மின் பெருங்கணினி) வாடிக்கையாளர் கோப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அளவு 1,60,00,000 பைட். கணினியில் திறந்தால் @@@@ என்று வரிசையாக நிற்கிறது. எழுத்துக் குறியீட்டை மாற்றும் ஐகான்வ் கருவியில் கோட் பேஜ் 037 (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) கொடுத்து, இன்றைய கணினிகளின் யூடிஎஃப்-8 குறியீட்டுக்கு மாற்றினேன். பெயர், முகவரி எல்லாம் அழகாக வந்துவிட்டன. ஆனால் நிலுவைத் தொகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குப்பை. கோப்பு முழுக்க ஒரே வரியாக ஓடுகிறது. ஆங்காங்கே மட்டும் காரணமே இல்லாமல் வரி உடைகிறது. மொத்தத்தையும் சரியாக மாற்றித் தரும் மென்பொருள் எது? சில ரெக்கார்டுகளை, அதாவது தனித்தனி வாடிக்கையாளர் பதிவுகளை, திருத்தித் திருப்பி அனுப்பவும் வேண்டும்.

பதில்: மென்பொருளைத் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ஐகான்வ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எழுத்தே அல்லாத பைட்டுகளையும் எழுத்து என்று நினைத்து அதனிடம் கொடுத்ததில்தான் சிக்கல். எது எழுத்து, எது எண் என்று கோப்பைப் பார்த்து எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. அது காப்பிபுக்கில் இருக்கிறது. அந்தக் கோப்பை எழுதிய கோபால் நிரலில் ரெக்கார்டின் அமைப்பை விவரிக்கும் பகுதிக்குத்தான் காப்பிபுக் என்று பெயர். (கோபால் என்பது இங்கே நிரல்மொழி; அந்தப் பெயரில் அலுவலகத்தில் ஆளைத் தேட வேண்டாம்.) கோப்பைக் கொடுத்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

@ குறிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நல்ல செய்தி. 1964இல் ஐபிஎம் சிஸ்டம்/360ஐ அறிவித்தபோது அதோடு வந்தது எப்சிடிக், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் குறியீடு. அதில் இடைவெளியின் எண் 64. நம் கணினிகள் பின்பற்றும் ஆஸ்கியில் 64 என்றால் @. பெயருக்கு 30 இடம் ஒதுக்கிப் பத்து எழுத்தில் பெயர் முடிந்தால், மிச்ச 20 இடமும் @ ஆகத் தெரியும். வழியில் யாரும் கோப்பை மாற்றவில்லை, அசல் பைட்டுகள் அப்படியே உங்கள் கையில் இருக்கின்றன என்பதற்கு இதுவே அடையாளம். அந்த அசலைத் தனியாகப் பத்திரப்படுத்திவிடுங்கள். ஐகான்வ் கொடுத்ததைத் தூக்கிப் போடலாம்.

வரி ஏன் இல்லை என்றால், அசலிலேயே கிடையாது. மெயின்ஃபிரேம் கோப்புகளில் பெரும்பாலும் வரிமுடிவுக் குறி இருக்காது. ஒவ்வொரு ரெக்கார்டும் இத்தனை பைட் என்று நீளம் நிர்ணயித்திருப்பார்கள். துளை அட்டையின் 80 பத்தி வழியாக வந்த 80 என்ற நீளத்தை இன்றும் நிறையப் பார்க்கலாம். உங்கள் கோப்பை 80ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 2,00,000 வருகிறது. இதை வைத்து நீளம் 80தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, காப்பிபுக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் காப்பிபுக் சொல்லும் நீளத்தால் கோப்பு வகுபடவில்லை என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது, மேலே போகாதீர்கள்.

இனி நிலுவைத் தொகை. காப்பிபுக்கில் அந்த இடத்தில் பிக் எஸ்9(7)வி99 காம்ப்-3 என்பது போல ஏதாவது இருக்கும். ஏழு இலக்கம், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம், கூட்டல் கழித்தல் குறி உண்டு, பேக்டு டெசிமல் முறையில் சேமித்தது என்று பொருள். ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கங்களை அடைத்து, கடைசி அரை பைட்டில் குறியை வைப்பார்கள்: ஹெக்ஸில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை 16 இலக்கம் கொண்ட எண் முறை) சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல், எஃப் என்றால் குறி இல்லாத எண். ஒன்பது இலக்கமும் குறியும் சேர்ந்து ஐந்தே பைட். தசமப் புள்ளி எங்கேயும் சேமிக்கப்படாது. அது காப்பிபுக்கில் இருக்கும் ‘வி’யில் மட்டும்தான் இருக்கிறது.

ஒருவரின் நிலுவை 1,250.00 என்று வைத்துக்கொள்வோம். ஹெக்ஸில் அந்த ஐந்து பைட்: 00 01 25 00 0சி. எப்சிடிக்கில் ஹெக்ஸ் 25 என்பது வரியிறக்கக் குறி. ஐகான்வ் அதை நம் கணினியின் வரியிறக்கமாக மாற்றிவிடுகிறது, வரி உடைகிறது. 12.50 நிலுவை உள்ளவருக்கும் உடையும். 2,500.00 உள்ளவருக்கு 02 50 என்று பிரிந்து விழுவதால் உடையாது. காரணமே இல்லாமல் உடைவதாகத் தோன்றியது இதனால்தான்.

வேறு ஒரு சிக்கலும் இருக்கிறது. ஹெக்ஸ் 04 போன்ற பைட்டுகள் யூடிஎஃப்-8க்குப் போகும்போது இரண்டு பைட்டாகிவிடும். நிலுவையைப் பொறுத்து ரெக்கார்டின் நீளம் மாறுவதால், மாற்றிய கோப்பை 80 80ஆக வெட்டினாலும் பெயரின் நடுவில் கத்தி விழும். அதனால் முதலில் வெட்டு, அப்புறம் மாற்று. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

பைதான் தெரிந்தால் வேலை சின்னதுதான். கோப்பை பைனரியாகத் திறந்து 80 பைட்டாகப் படியுங்கள். காப்பிபுக்கில் உள்ளபடி ஒவ்வொரு ரெக்கார்டையும் துண்டு போடுங்கள். எழுத்துத் துண்டுகளை மட்டும் சிபி037 என்ற கோடெக்கால் மாற்றி, பின்னால் உள்ள இடைவெளிகளை நீக்குங்கள். நிலுவைத் துண்டை மாற்றாமல் ஹெக்ஸ் சரமாக எடுத்தால் பத்து எழுத்து வரும்: முதல் ஒன்பது இலக்கம், பத்தாவது குறி. ஒன்பதையும் எண்ணாக்கி 100ஆல் வகுத்து, குறி ‘டி’யாக இருந்தால் கழித்தலாக்குங்கள். பணக் கணக்கு என்பதால் ஃப்ளோட் வேண்டாம், டெசிமல் வகையையே பயன்படுத்துங்கள்.

அந்தப் பத்தாவது எழுத்து சி, டி, எஃப் மூன்றில் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு ரெக்கார்டிலும் சோதியுங்கள். வெட்டு ஒரு பைட் தள்ளிப்போனாலும் இது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சில ரெக்கார்டுகளில் மட்டும் 4040404040 என்று வந்தால் (ஹெக்ஸ் 40தான் 64, எப்சிடிக் இடைவெளி) வெட்டு சரிதான். யாரோ ரெக்கார்டு முழுவதையும் இடைவெளியால் நிரப்பிவிட்டு நிலுவையை எழுத மறந்திருக்கிறார்கள். அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கோப்புக்கு உரியவர்களைக் கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கடைசியில் நிலுவைகளின் கூட்டுத்தொகையை அந்தப் பக்கமும் எடுக்கச் சொல்லி உங்கள் தொகையோடு ஒப்பிடுங்கள்.

எண்கள் எல்லாம் காம்ப்-3ஆகவே இருக்காது. வெறும் காம்ப் என்றால் சாதாரண பைனரி எண், அதிக மதிப்புள்ள பைட் முன்னால் வரும். நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கணினிகளில் வரிசை தலைகீழ். இரண்டும் இல்லாமல் பிக் எஸ்9 என்று மட்டும் இருந்தால் எண் எழுத்தாகவே மாறிவிடும், ஆனால் கடைசி இலக்கத்தில் குறி ஒட்டியிருக்கும்: −123 என்பது 12ஐ அடுத்து ஆங்கில ‘எல்’ எழுத்தோடு தெரியும், +120 என்பது 12{ என்று தெரியும். தட்டச்சுப் பிழை என்று யாராவது ‘திருத்தி’விடப் போகிறார்கள், ஜாக்கிரதை.

கோட் பேஜ் விஷயத்தில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். எப்சிடிக் என்பது ஒன்றல்ல, ஒரு குடும்பம். ஆங்கில எழுத்தும் இலக்கமும் 037, 500, 1047 மூன்றிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதனால் தப்பான கோட் பேஜ் கொடுத்தாலும் பெயர்கள் சரியாகவே வரும். மாட்டுவது குறிகளில். நேர்கோடு போட்டுப் பிரித்த 037 கோப்பு ஒன்றை 500 என்று நினைத்து மாற்றினேன். ஒவ்வொரு | இருந்த இடத்திலும் ! வந்து நின்றது. அரை நாள் வீணானது. சதுர அடைப்புக்குறிகளுக்கு மூன்றிலும் மூன்று இடம். பெயர் சரியாக வந்ததை வைத்து நிம்மதி அடையாமல், [ ] | ! போன்ற குறிகள் உள்ள ரெக்கார்டு ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

இவ்வளவும் எதற்கு என்று தோன்றினால், அடுத்த முறைக்கு எனக்குப் பிடித்த வழி வேறு. மெயின்ஃபிரேம் பக்கத்திலேயே டிஎஃப்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் மென்பொருள் மூலம் பேக்டு எண்களைக் குறியும் புள்ளியும் போட்ட எழுத்தாக விரித்துத் தரச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது சில வரி வேலை. கோப்பு முழுவதும் எழுத்தாகிவிட்டால் கோப்பு அனுப்பும் எஃப்டிபியில், எழுத்துகளை மாற்றித் தரும் ஆஸ்கி முறையிலேயே அனுப்பலாம், வரிமுடிவும் தானாக வந்துவிடும். விரிக்காத கோப்பு என்றால் பைட்டுகளை அப்படியே அனுப்பும் பைனரி முறை மட்டும்தான். ரெக்கார்டுகளின் நீளம் மாறும் கோப்பாக இருந்தால், ஒவ்வொன்றின் முன்னும் அதன் நீளத்தைச் சொல்லும் நான்கு பைட் உண்டு. ஐபிஎம்மின் மெயின்ஃபிரேம் இயக்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் உள்ள எஃப்டிபி வழக்கமாக அதை நீக்கிவிட்டு அனுப்பும். ஆர்டிடபிள்யூவோடு (அந்த நான்கு பைட்டின் பெயர்) அனுப்பும்படி சொல்லாவிட்டால் ஒரு ரெக்கார்டு எங்கே முடிகிறது என்றே தெரியாது.

திருப்பி அனுப்பும்போது செய்ததையெல்லாம் தலைகீழாகச் செய்ய வேண்டும். எழுத்துத் துண்டை 037க்கு மாற்றி, மிச்ச இடத்தை எப்சிடிக் இடைவெளியால், அதாவது 64ஆல், நிரப்புங்கள். ஆஸ்கியின் 32ஆல் நிரப்பினால் அங்கே கட்டுப்பாட்டுக் குறியாகப் போய் நிற்கும். வளைந்த மேற்கோள் குறிகளுக்கு 037இல் இடமில்லை. தமிழ் எழுத்துக்கும் இல்லை. பைதான் அங்கே பிழை சொல்லி நின்றால் நிற்கட்டும், பிழையைப் புறக்கணிக்கும் வசதியைப் போட்டுவிடாதீர்கள். கோப்பு அங்கே வரிசைப்படி இருக்க வேண்டும் என்றால் உங்கள் கணினியில் வரிசைப்படுத்தி அனுப்பாதீர்கள். ஆஸ்கியில் இலக்கம் முதலில், அப்புறம் பெரிய எழுத்து, கடைசியில் சிறிய எழுத்து. எப்சிடிக்கில் சிறிய எழுத்து முதலில், இலக்கம் கடைசியில். போய்ச் சேர்ந்த பிறகு அவர்களே வரிசைப்படுத்திக்கொள்ளட்டும்.