திருநீறு இடுமுன் கேட்டீர்களா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 61. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் பெரியம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வாரமும் தினம் போய்த் தேவாரம் பாடுவேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரியம்மா போன பிறகும் வாரம் இரண்டு நாள் போய்வருகிறேன். போன மாதம் ஒரு தவறு நடந்துவிட்டது. அரை மயக்கத்தில் கிடந்த ஓர் ஆயாவின் கட்டிலில் 'மூட்லி' (நம் முதலிதான்) என்று பெயர் எழுதியிருந்ததைப் பார்த்து, நம்மவர் என்று எண்ணி நெற்றியில் திருநீறு இட்டுவிட்டேன். மாலையில் வந்த மகள் கொதித்துப்போனாள். முப்பது வருடமாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பமாம். வார்டு சிஸ்டர் சமாதானம் செய்துவைத்து, "இப்படித் தனியாக வராதீர்கள் அம்மா, நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாக இருக்கும் சாப்ளின் வேலைக்குப் பயிற்சி நடக்கிறது, சேருங்கள்" என்றார். வீட்டில் சொன்னால், கடற்படையில் இருந்த என் கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "சாப்ளின் என்றால் பட்டாளத்துப் பாதிரியார். அண்ணி, இந்த வயதில் அணிவகுப்புக்குப் போகிறீர்களா?" என்கிறார். நான் குருக்கள் வீட்டுப் பெண்ணும் இல்லை. போகலாமா, விட்டுவிடலாமா?
– ஒரு சகோதரி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, முதலில் கொழுந்தனாரைக் கவனிப்போம். அவர் சிரித்ததில் பாதி நியாயம் உண்டு. அந்தச் சொல் பட்டாளத்தோடு பட்டாளமாக வளர்ந்ததுதான். நான்காம் நூற்றாண்டில் ரோமப் படையில் இருந்த மார்ட்டின் என்பவர், இன்றைய பிரான்சின் அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவரைக் கண்டு, தம் மேலங்கியை வாளால் இரண்டாக்கிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. பிற்காலத்து ஃபிராங்க் அரசர்கள் அந்த அங்கியைப் புனிதப் பொருளாகப் பேணி, போருக்குப் போகும்போதும் உடன் எடுத்துச் சென்றார்கள். லத்தீனில் அதற்குக் 'கப்பெல்லா' என்று பெயர். அதைக் காத்த குருமார் 'கப்பெல்லானி'. அதுதான் தேய்ந்து சாப்ளின் ஆயிற்று. (சினிமாவில் நாம் பார்த்துச் சிரித்த சாப்ளினின் குடும்பப் பெயருக்கும் அதே வேர்தான்.) அரசர்கள் பாதுகாத்தது படைவீரர் தோளில் மிஞ்சிய பாதியை. பிச்சைக்காரர் போர்த்திக்கொண்டு போன பாதி என்ன ஆயிற்று என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

பட்டாளத்துச் சாப்ளின் வேலையை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அமெரிக்கப் படைக்கு 1775லும், பிரிட்டிஷ் தரைப்படைக்கு 1796லும் அது முறையான பதவியாயிற்று. படை போகும் இடத்துக்கெல்லாம் போகவேண்டும், செத்தவர்களைப் புதைக்கவேண்டும், அவர்களுடைய தாய்மாருக்குக் கடிதம் எழுதவேண்டும். 1864ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தம் மருத்துவர்களோடு இவர்களையும் சேர்த்து, தாக்கக் கூடாதவர்கள் என்று வைத்தது. பிரிட்டிஷ் கடற்படையில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. அங்கே சாப்ளினுக்கென்று தனிப் பதவிநிலை கிடையாது. யாரிடம் பேசுகிறாரோ அவருடைய நிலைதான் அந்த நேரத்துக்கு இவருடைய நிலை. மாலுமியிடம் மாலுமி, தளபதியிடம் தளபதி. கொழுந்தனாருக்கு இது தெரிந்திருக்கலாம்.

ஆனால் சம்பளமும் சீருடையும் போர் நடத்துகிறவரிடமிருந்து வரும்போது, சாப்ளின் யாருடைய ஆள் என்ற கேள்வி எழாமல் இருக்காது. நம் நாட்டில் அது பகிரங்கமாகவே எழுந்தது. 1974இல் ஹம்மான்ஸ்கிராலில் கூடிய தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றம், நிறவெறி அரசின் படைக்குச் சாப்ளின்களை அனுப்பும் திருச்சபைகள் எந்த அடிப்படையில் அனுப்புகின்றன என்று மறுபடி யோசிக்கச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. அந்த அரசை எதிர்த்து எல்லைக்கு அப்பால் ஆயுதம் ஏந்தி நின்ற நம் பிள்ளைகளின் ஆன்மாவைக் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்றும் விசாரிக்கச் சொன்னது. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

சீருடையைக் கழற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு. ராபன் தீவுச் சிறைக்கு வந்த ஹியூஸ் என்ற ஆங்கிலிக்கன் குருவைப் பற்றி மண்டேலா தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். முரட்டுத் தோற்றம் கொண்ட வேல்ஸ்காரர். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் படையின் சாப்ளின். சிறைக்கூடத்து நடைபாதையில் நின்று பிரசங்கம் செய்ய நேர்ந்தபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. பிரசங்கத்துக்குப் பதிலாகச் சர்ச்சிலின் போர்க்கால வானொலி உரைகளை வாசித்தாராம். அடிபணியமாட்டோம் என்ற அந்த வார்த்தைகள் கம்பிக்கு உள்ளே இருந்தவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்! முன்னே இருப்பவர் யார் என்று பார்த்துப் பேசத் தெரிந்த மனிதர்.

இனி உங்கள் சிஸ்டர் சொன்ன சாப்ளினுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பாதிரியார்கள் போவது பழைய வழக்கம். அவரவர் தம் சபையாரைப் பார்த்து, ஜெபித்து, வீடு திரும்புவார்கள். அது கடமை. அதைக் கற்றுத் தேறவேண்டிய ஒரு தொழிலாக்கியவர், தாமே நோயாளியாகக் கிடந்த ஒருவர். அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகருக்கு 1920இல், 44ஆம் வயதில், மனம் பேதலித்து மனநல ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். அங்கே வந்து பிரசங்கம் செய்தவர்களுக்குக் கேட்பவர்களின் அவஸ்தை பற்றி ஒன்றும் தெரியவில்லை என்பதை உள்ளே இருந்தே பார்த்தார். தெளிந்து வெளியே வந்தவர், 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல ஆஸ்பத்திரியில் சாப்ளினாகச் சேர்ந்தார். மறு வருடக் கோடையில் இறையியல் படித்த நான்கு பேரை அழைத்துக்கொண்டார். அவர்கள் பகலில் வார்டு உதவியாளர்களாக வேலை செய்யவேண்டும், மாலையில் உட்கார்ந்து அன்று கண்டதைப் பேசவேண்டும். புத்தகத்தைப் படிப்பதுபோல மனிதரைப் படியுங்கள், நோயாளி ஓர் உயிருள்ள ஏடு என்பது அவர் கொள்கை. அந்த நால்வரில் ஒருவர் பெண், அம்மா. பின்னாளில் மருத்துவராகிப் பேர் பெற்ற ஹெலன் ஃபிளாண்டர்ஸ் டன்பர்.

அதே 1925இல் பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் கேபட், மருத்துவ மாணவரைப்போலவே இறையியல் மாணவரும் ஒரு வருடம் நோயாளிகளிடையே பழகவேண்டும் என்று எழுதினார். பிறகு ரஸ்ஸல் டிக்ஸ் என்ற சாப்ளின் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். நோயாளியோடு பேசிவிட்டு வந்ததும் அவர் சொன்னது, நான் சொன்னது என்று உரையாடலை அப்படியே எழுதிப் பார்ப்பது. இன்றும் பயிற்சியின் முதுகெலும்பு அதுதான். எழுதிப் பார்த்தால்தான் நாம் எத்தனை தடவை குறுக்கே பேசியிருக்கிறோம் என்பது தெரியும். ஆசிரியையாக இருந்த உங்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். எனக்கும் கசந்திருக்கும்.

மற்றதெல்லாம் விறுவிறுவென்று நடந்தது. 1946இல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் சாப்ளின்கள் தமக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது சாப்ளின்களும் அதற்குள் வந்தார்கள். 1967இல் லண்டனில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், சாகக் கிடப்பவரின் வலி உடம்போடு முடிவதில்லை, ஆன்மாவுக்கும் வலிக்கும் என்று மருத்துவர்களை ஒப்புக்கொள்ளவைத்தார். உலக சுகாதார நிறுவனம் 2002இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கு எழுதிய விளக்கத்தில் ஆன்மிகத் துன்பமும் இடம்பெற்றது. இன்னொரு செய்தியைக் கொழுந்தனாருக்குச் சொல்லுங்கள். 2005இல் பிரிட்டிஷ் முப்படைகளுக்கு முதன்முதலாக ஓர் இந்து சாப்ளினை நியமித்தபோது, அவரைப் படை அதிகாரியாக அல்ல, சிவிலியனாகவே நியமித்தார்கள். அணிவகுப்பு இல்லாத சாப்ளின் பட்டாளத்துக்கே போய்விட்டார்.

பட்டாளத்தில் சாப்ளின் படையோடு கூடவே வருகிறார், வரலாமா என்று வீரனை யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டுத்தான் ஆகவேண்டும். கட்டிலில் கிடப்பவரை எண்ணிப் பாருங்கள். ஊசி வேண்டாம் என்றால் டாக்டர் முகம் சுளிப்பார். எப்போது குளிப்பது, எப்போது சாப்பிடுவது, விளக்கை எப்போது அணைப்பது, எதுவும் அவர் கையில் இல்லை. "இன்றைக்கு வேண்டாம், போய் வாருங்கள்" என்று அவர் பயமில்லாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் சாப்ளின்தான். அந்த உரிமையை அவர் கையில் கொடுப்பதற்குத்தான் இத்தனை படிப்பும்.

உங்கள் தவறு அங்கேதான் இருக்கிறது. திருநீறு தவறில்லை. கேட்காமல் இட்டது தவறு. நம் டர்பனில் பேரைப் பார்த்து மதத்தை முடிவு செய்ய முடியுமா? மூட்லி, கோவெண்டர், பிள்ளை, நாயுடு என்று எந்தப் பேரை எடுத்தாலும் ஒரு வீட்டில் காவடி, அடுத்த வீட்டில் ஞாயிறு ஆராதனை. ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. என் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே பிற்பகலில் மூன்று கூட்டத்தார் வந்து அவர் தலைமாட்டில் நின்று பிரார்த்தித்தார்கள். நம்மவர் ஒரு கூட்டம், மற்றவர் இரண்டு. ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. மூன்றாவது கூட்டம் வந்தபோது அவர் கண்ணை இறுக மூடித் தூங்குவதுபோல நடித்தார். போன பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்து, "போய்விட்டார்களா?" என்றார். எந்தச் சாமியின் பேரால் வந்தாலும் நோயாளியின் கட்டில் ஆள் பிடிக்கும் இடமில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு, அரசு நிறுவனங்களில் வழிபாடு நடத்தலாம் என்கிறது, ஆனால் எல்லாருக்கும் சமநீதியாக, கலந்துகொள்பவரின் சொந்த விருப்பத்தோடு. 35ஆம் பிரிவு கைதிக்கும் ஆன்மிக ஆலோசகரைச் சந்திக்கும் உரிமை தருகிறது. யாரோ அனுப்பியவர் இல்லை, அவரே தேர்ந்தெடுத்தவர்.

குருக்கள் வீட்டுப் பெண் இல்லையே என்கிறீர்கள். சூலைநோயில் துடித்த திருநாவுக்கரசருக்குத் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குள் அழைத்துப் போனவர் எந்தக் குருக்கள்? அக்காள் திலகவதியார். அதுவும், தம்பிதான் முதலில் ஆளனுப்பினார், பிறகு தாமே அக்காளைத் தேடி வந்தார். பாண்டியனின் வெப்புநோயைத் தீர்க்கப் போன சம்பந்தரும் அரசி அழைத்து, அரசன் சம்மதித்த பிறகுதான் திருநீற்றைத் தொட்டார். (அதன் பிறகு மதுரையில் நடந்ததாகச் சொல்வதை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.)

நம் டர்பனிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1899இல் போயர் போர் வருவதற்கு முன், டாக்டர் பூத் என்ற பாதிரியார் ஏழைகளுக்கு ஒரு சிறு ஆஸ்பத்திரி நடத்தினார். பணம் கொடுத்தவர் வணிகர் பார்சி ருஸ்தம்ஜி. தினம் ஓரிரு மணி நேரம் அங்கே போய் வேலை செய்தவர் காந்தி. நோயாளிகள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் தமிழரும் தெலுங்கரும் வடஇந்தியரும். காந்தியின் வேலை என்ன தெரியுமா? உடம்புக்கு என்ன செய்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அதை டாக்டரிடம் சொல்லி, மருந்து கொடுப்பது.

ஆகவே பயிற்சிக்குப் போங்கள். ஆனால் பாட்டுப் பாடத்தான் அங்கே சொல்லித் தருவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கை கழுவுவதிலிருந்து வாயை மூடிக்கொண்டிருப்பது வரை இருக்கும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. கோயிலில் அன்னதானத்தின்போது "பாவம், அந்த நாயுடு அண்ணனுக்கு…" என்று தொடங்கவே கூடாது, நம் ஊரில் இது பெரிய நோய். உங்களை 'கவுன்சிலர்' என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அது தனிப் படிப்பும் பதிவும் உள்ள தொழில். சாவைப் பற்றியோ தற்கொலையைப் பற்றியோ ஒருவர் பேச்செடுத்தால், தேவாரத்தை நிறுத்திவிட்டு சிஸ்டரிடம் போங்கள். முஸ்லிம் நோயாளி கேட்டால் இமாமுக்கும், சர்ச்சுக்காரர் கேட்டால் அவருடைய பாஸ்டருக்கும் போன் செய்து சொல்வது உங்கள் வேலை. உங்களையே உட்காரச் சொன்னால் உட்காருங்கள். திருநீற்றுப் பை கைப்பைக்குள் இருக்கட்டும், கேட்டால் எடுங்கள்.

அந்த மகளிடம் ஒருமுறை நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். சிஸ்டர் மூலமாக அனுப்பவேண்டாம். "உங்கள் அம்மாவை நான் கேட்காமல் தொட்டுவிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரியம்மா கதையெல்லாம் அங்கே வேண்டாம்.

கொழுந்தனாரையும் விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் டீ போட்டுக் கொடுத்து, கடற்படையில் இருந்த காலத்தில் அந்தப் பாதிரியாரிடம் எப்போதாவது தனியாகப் போய்ப் பேசியதுண்டா என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லிச் சிரித்தால் சரி. சிரிக்காமல் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.