காந்தம் ஒட்டும் கல்லை வைத்துக் காற்றின் கதை சொல்லலாமா?

கேள்வி: அரூர் வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆதியில் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்று சொன்னதும், "யார் சார் பார்த்தது?" என்று ஒரு பையன் கேட்டான். பக்கத்தில் தீர்த்தமலை இருக்கிறது. அங்குள்ள காந்தக் கல்லை வைத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது காட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. அந்தப் பையனைப் பாராட்டுங்கள். புவியியல் படிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

தீர்த்தமலைக் கல்லில் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக ஓடும். கறுப்பு மேக்னடைட், அதாவது காந்தம் ஒட்டும் இரும்புத் தாது. வெளுப்பு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. ஆதிக் கடலின் அடியில் இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்து, பிறகு பூமிக்குள் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய கல் இது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் பெரும்பாலானவை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி வெந்தவைதாம்.

அவ்வளவு இரும்பு கடலில் எப்படிக் கரைந்திருந்தது? இன்றைய கடலில் இரும்பு கரைந்து நிற்காது. ஆக்சிஜன் பட்டதும் துருவாகி அடியில் தங்கிவிடும். அன்று கடல் முழுக்க இரும்பு கரைந்து பரவியிருந்தது என்றால், மேலே காற்றிலும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்றுதான் பொருள். யாரும் பார்க்கவில்லை, ஆனால் கல்லில் பதிவாகியிருக்கிறது. (கரைந்த இரும்பைப் படியவைத்தது ஆக்சிஜன் மட்டும்தானா, இரும்பைக் கொண்டே பிழைத்த நுண்ணுயிர்களுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.)

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். எரிமலைகள் கக்கிய நீராவி மழையாகிக் கடலானது. நைட்ரஜன் காற்றிலேயே தங்கிவிட்டது. கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லுக்குள் போய் அடங்கியது. நம் வயல்களில் ஏர் ஓட்டும்போது கிளம்பும் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) வயதில் மிகச் சின்னதுதான், ஆனாலும் வாயுவைச் சிறைபிடிக்கும் வித்தை அதே வித்தை. அதன்மேல் வினிகர் ஊற்றினால் பொங்கி நுரைக்கும். வெளியே வருவது அந்த வாயுதான்.

ஆக்சிஜனைத் தந்தவை மரங்கள் என்று பிள்ளைகள் எழுதினால் கட்டாயம் திருத்துங்கள். மரங்கள் தோன்றி 40 கோடி ஆண்டுகூட ஆகவில்லை. முதலில் வெளியிட்டவை கடலிலிருந்த நீலப்பச்சைப் பாசிகள். அவை விட்டதையெல்லாம் இரும்பும் எரிமலை வாயுக்களும் விழுங்கிக்கொண்டே இருந்தன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் காற்றில் மிஞ்சத் தொடங்கியது.

இரும்பு ஆக்சிஜனை விழுங்குவதைக் கண்ணால் காட்டலாம். சோதனைக்குழாயின் உட்புறத்தை நனைத்து, லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புத் தூளைத் தூவி ஒட்டவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்துங்கள். சில நாளில் துரு ஏற ஏறக் குழாய்க்குள் தண்ணீர் ஏறும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு என்று பாடத்தில் படிப்பது இதுதான். எவர்சில்வர் தூள் வேண்டாம், துருப்பிடிக்காது.

அடுத்து மயிலாடும்பாறையைச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இரும்பு உருக்குவது என்றால், தாது என்றோ பிடித்துவைத்த ஆக்சிஜனைக் கரியைக் கொண்டு பிடுங்குவது. கரி அதை வாங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகிப் போகும். ஊதுலைக்காரர்கள் கொஞ்சம் எரித்தார்கள். நாம் எரிப்பது அளவு கடந்தது: தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஆக்சிஜன் தீர்ந்துவிடுமோ என்று பிள்ளைகள் பயப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

கல்லுக்காக மலையில் எதையும் உடைக்க வேண்டாம். மலையடி ஓடை மணலில் காந்தத்தை இழுத்தாலே கறுப்புப் பொடி மொய்த்துக்கொள்ளும். காந்தத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு இழுங்கள். பிறகு பையிலிருந்து காந்தத்தை உருவினால் பொடி தானாக உதிரும்.