மூக்கு பெரிதாக இருக்கிறது என்கிறாள் மகள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. நின்ற இடத்திலேயே வரிசையாக செல்ஃபி எடுப்பாள், ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். அந்த ஒன்றிலும் மூக்கைச் சிறிதாக்கி, தோலை வழவழப்பாக்கி, அப்புறம்தான் இன்ஸ்டாகிராமில் போடுவாள். வேறு யாராவது போட்டோ எடுக்க வந்தால் எழுந்து போய்விடுகிறாள். "என் மூக்கு அசிங்கமா இருக்கு, 18 வயசானதும் ஆபரேஷன் பண்ணிக்குவேன்" என்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் நம்புவதில்லை. இது வயதுக் கோளாறா, நோயா? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்: போனைப் பிடுங்க வேண்டாம். ஒளித்துப் பார்ப்பாள், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவாள். இப்போதைக்கு அவள் உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறாளே, அது பெரிய விஷயம்.

முதலில் அந்த மூக்கைப் பார்ப்போம். அவள் கற்பனை செய்யவில்லை. அவள் பார்க்கிற படத்தில் மூக்கு உண்மையாகவே பெரிதாகத்தான் தெரியும். கேமராவை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கும்போது, மற்ற பகுதிகளைவிட மூக்கு லென்ஸுக்கு நெருக்கமாக இருக்கும், காதுகள் தள்ளியிருக்கும். அதனால் மூக்கு விரிந்தும் காதுகள் சுருங்கியும் படத்தில் விழும். அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஒன்றரை மீட்டர் தள்ளி எடுக்கும் படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அவளே ஒரு செல்ஃபி எடுக்கட்டும். அப்புறம் நீங்கள் இரண்டு எட்டு தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து, அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளே பார்க்கட்டும். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம்.

ஆனால் கேமரா செய்யும் குளறுபடியைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, அவள் தன் படத்தைத் திருத்துவதுதான்.

மற்றவர்களைப் பார்த்து ஏங்குவது புதிதல்ல. ஃபிஜி தீவில் ஒரு பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டுகளில், உணவுப் பழக்கக் கோளாறுக்கான அறிகுறிகள் உள்ள பள்ளி மாணவிகளின் விகிதம் சுமார் 13-லிருந்து 29 சதவீதமாகிவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆனாலும் திரையில் வருபவர் வேறொருவர். "அவங்க நடிகை, நான் வேற" என்று மனதைத் தேற்றிக்கொள்ள அங்கே இடம் இருந்தது. ஃபில்டர் போட்ட செல்ஃபியில் அந்த இடமே இல்லை. போட்டிக்கு நிற்பது அவளுடைய முகம்தான், மூக்கு மட்டும் கொஞ்சம் சிறிதாக, தோல் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக. அந்தப் படத்துக்குத்தான் லைக் வருகிறது. அந்த லைக் தனக்குச் சேராது என்று அவளுக்கே தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றால், ஒவ்வொரு முறையும் தோற்பது நிஜ முகம். முன்பெல்லாம் ஏதாவது நடிகரின் படத்தைக் காட்டி "இப்படி வேண்டும்" என்று அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் கேட்டவர்கள், இப்போது தங்களுடைய திருத்திய படத்தையே நீட்டுகிறார்கள். படங்களுக்கு ஃபில்டர் போடும் ஸ்னாப்சாட் செயலியை வைத்து, இதற்கு 'ஸ்னாப்சாட் டிஸ்மார்ஃபியா' என்று பெயரே வந்துவிட்டது.

அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் திருத்துவதை மட்டும் விடச் சொல்லுங்கள். படம் போடட்டும், திருத்தாமல் போடட்டும். அது முடியவில்லை என்றால் கொஞ்ச நாள் முகம் இல்லாத படங்களைப் போடட்டும். அடுத்து, நேரம். கனடாவில் மனப்பதற்றமோ சோர்வோ இருந்த 17 முதல் 25 வயது மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள், 2023-ல் வெளியானது. சமூக ஊடகத்தை மூன்று வாரம் நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் தோற்றம், எடை பற்றிய எண்ணம் மேம்பட்டது. குறைக்காதவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. மூன்று வாரம்தான் என்பதை அவளிடம் சொல்லுங்கள். கெடு தெரிந்தால் பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்கள். வீட்டில் நீங்களும் சேர்ந்து குறைத்தால் இன்னும் நல்லது. "நான் குண்டாயிட்டேன்", "இந்தப் படத்தைப் போடாதே, முகம் கறுப்பா இருக்கு" என்று பெரியவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"உன் மூக்கு அழகுதான்" என்று சொல்வதையும் குறைத்துக்கொள்ளுங்கள். கேட்க வினோதமாக இருக்கலாம். அந்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான் தாங்கும், உடனே அடுத்த ஆறுதல் தேவைப்படும். அதற்குப் பதிலாக, "இந்த நினைப்பால் இன்று எதை விட்டுவிட்டாய்?" என்று கேளுங்கள். தோழியின் பிறந்த நாளா, வகுப்பில் எழுந்து பேசுவதா? மூக்கைப் பற்றி வாதம் செய்து நீங்கள் ஜெயிக்க முடியாது. ஆனால் எதை விட்டுவிட்டாள் என்பதைப் பற்றி அவளால் பேச முடியும்.

நோயா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் நேரில் காட்ட வேண்டிய அளவுக்கு அறிகுறிகள் இருக்கின்றன. தன் தோற்றத்தில் குறை இருப்பதாக ஓயாமல் தவிக்கும் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்றொரு மனநலப் பிரச்சினை நூறில் சுமார் இரண்டு பேருக்கு உண்டு, பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். பையன்களுக்கும் வரும். அவர்களில் சிலருக்குக் கவலை முகத்தில் இருக்காது, உடம்பு போதுமான அளவு முறுக்கேறவில்லை என்பதில் இருக்கும். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிய குறையைப் பற்றி நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைப்பது, கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அல்லது அறவே தவிர்ப்பது, தலைமுடியாலோ மாஸ்க்காலோ மறைப்பது, அதற்காகப் பள்ளியையும் நண்பர்களையும் விடுவது, இவை இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சி.பி.டி. என்ற பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகவே பலன் தரும். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

ஆபரேஷன் பேச்சை இப்போது மறுக்கவும் வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்போம், அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சை பெரும்பாலும் திருப்தி தருவதில்லை. மூக்கு முடிந்ததும் கவலை தாடைக்கோ கண்ணுக்கோ நகர்ந்துவிடும்.

சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா, சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறாளா என்பதையும் கவனியுங்கள். "உயிரோடு இருந்து என்ன பயன்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், விளையாட்டாகச் சொன்னாள் என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் தற்கொலை எண்ணம் அதிகம். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள்.