ஒரே டிஎன்ஏ, இரண்டு கணக்கு

கேள்வி: பண்ருட்டிப் பலா மரங்களைப் பிரித்துக் காட்டும் அடையாளம் தேடுகிறேன். டிஎன்ஏவில் அடுத்தடுத்துத் திரும்ப வரும் குறுந்தொடர்களை மிசா மென்பொருளில் தேடினேன். அதே கோப்பை டிஆர்எஃப் என்ற இன்னொரு மென்பொருளில் ஓட்டினால் பாதிகூட வரவில்லை. எதை நம்புவது?
– முதுகலை மாணவி, கடலூர்

பதில்: இரண்டையும் நம்பலாம். இரண்டும் அளக்கும் கோல்தான் வேறு.

மிசா தடவைகளை எண்ணுகிறது. அதன் அமைப்புகள் உள்ள ஐஎன்ஐ கோப்பைத் திறந்தால் 1-10 2-6 3-5 4-5 5-5 6-5 என்று இருக்கும். இரண்டெழுத்து அலகு 6 தடவை வந்தால் போதும், மூன்றெழுத்து அலகு 5 தடவை. ஆக ஏஜிஏஜிஏஜிஏஜிஏஜிஏஜி என்ற 12 எழுத்தே பட்டியலில் ஏறிவிடும்.

கேரி பென்சன் 1999-இல் வெளியிட்ட டிஆர்எஃப் மதிப்பெண் போடுகிறது. வழக்கமாகக் கொடுக்கும் 2 7 7 80 10 50 500 என்ற வரிசையில், முதலில் உள்ள 2 என்பது பொருந்தும் ஒவ்வோர் எழுத்துக்கும் கிடைக்கும் மதிப்பெண். தேற 50 வேண்டும். பிசகே இல்லாத தொடர்கூட 25 எழுத்து நீண்டால்தான் தேறும். ஏஜி 10 தடவை வந்தாலும் 20 எழுத்து, 40 மதிப்பெண், விழுந்துவிடும். உங்களுக்குக் காணாமல் போனவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட குட்டைத் தொடர்களாகத்தான் இருக்கும். ஆனால் நீண்ட தொடரின் நடுவே ஓர் எழுத்து மாறியிருந்தால் டிஆர்எஃப் 7 மதிப்பெண் கழித்துவிட்டு மேலே போகும். மிசா அங்கேயே முறித்துவிடும். முறிந்த துண்டு, இரண்டெழுத்து அலகானால், 6 தடவையை எட்டாவிட்டால் அதைக் கணக்கிலேயே எடுக்காது.

பிரைமர், அதாவது தொடரின் இருபுறமும் ஒட்டி அதை நகலெடுக்க உதவும் குட்டி டிஎன்ஏ துண்டு, செய்வதற்கு மிசா பட்டியலே வசதி. அதை அப்படியே எடுக்காதீர்கள். பி1 என்று குறித்த ஒற்றையெழுத்துத் தொடர்களை முதலில் நீக்குங்கள்; வரிசைப்படுத்தும் கருவி தடுமாறும் இடமே அதுதான். சி என்று குறித்தவை 100 எழுத்து இடைவெளிக்குள் வரும் தொடர்களைச் சேர்த்துக் கட்டியவை. எந்தத் தொடர் நீண்டதால் அளவு மாறியது என்று பிறகு சொல்ல முடியாது, அவற்றையும் ஒதுக்குங்கள். இருபுறமும் 150 எழுத்தாவது இல்லாத தொடருக்குப் பிரைமர் அமைவது கடினம். மிச்சத்தில் மூன்றெழுத்துத் தொடர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். இரண்டெழுத்துத் தொடரில் பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) நொதி வழுக்கி, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் உண்மைப் பட்டைக்குக் கீழே இரண்டிரண்டு எழுத்து குறைந்த மங்கல் பட்டைகளை விடும்.

மிசாவுடன் வரும் பழைய இணைப்பு நிரல், பிரைமர் வடிவமைக்கும் மென்பொருளான பிரைமர்3-இன் புதிய பதிப்பில் ஓடாது. உள்ளீட்டுச் சொற்கள் மாறிவிட்டதே காரணம். 'சீக்வென்ஸ்' என்று இருந்தது இப்போது 'சீக்வென்ஸ்_டெம்ப்ளேட்'. நிரலைத் திறந்து அந்தச் சொற்களை மாற்றுங்கள்.

கேள்வி: ஒரே பலா மரத்துக்கு மூன்று பட்டைகள் வருகின்றன. மாதிரி கலந்துவிட்டதா?
– ஆய்வக உதவியாளர், புதுச்சேரி

பதில்: கலப்பு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பலாவுக்கு 56 குரோமோசோம்கள். அதன் மூதாதையிலேயே மரபணுத்தொகை முழுதும் இரட்டித்திருக்கிறது. அதனால் ஒரே பிரைமர் இரண்டு இடங்களில் ஒட்டிக் கூடுதல் பட்டை தரலாம். அப்படிப்பட்ட பிரைமரை விட்டுவிடுங்கள். 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் இரண்டெழுத்து வேறுபாடு தெரியவே தெரியாது. 6 சதவீத பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். ஒரே தாய்மரத்தின் ஒட்டுக்கன்றுகள் இரண்டையும் கூடவே வையுங்கள். இரண்டும் ஒரே அளவு காட்டாவிட்டால், பிசகு மரத்தில் இல்லை, மாதிரி எடுத்ததிலோ பிசிஆரிலோ இருக்கிறது.