கேளுங்கள், சொல்கிறேன்: பூ பட்டால் சிறகு முளைக்கும்

கே: என் பையன் போக்கிமான் பிளாட்டினத்தில் கிரசிடியா பூவைக் கொடுத்து ஷெய்மினைப் பறக்கும் உருவத்துக்கு மாற்றினான். இரவு பார்த்தால் பழையபடி தரையில் நிற்கிறது. கேமில் கோளாறா?

ப: கோளாறெல்லாம் இல்லை, அந்தப் பூவின் சுபாவமே அதுதான். முதுகில் புல் முளைத்த முள்ளெலி போலிருக்கும் ஷெய்மின், கிரசிடியா பட்டதும் வானத்துக்குக் கிளம்பிவிடும். கேம் கடிகாரத்தில் இரவாகிவிட்டால் பழைய உருவம். சண்டையில் உறைந்துபோனாலும் அப்படியே. விடிந்ததும் தானாக மாறாது, மறுபடி பூவைக் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கேம்களில் வரும் உருமாற்றச் செடிகளிலேயே யோசித்துச் செய்தது இதுதான். தரை உருவத்தில் ஆறு திறன்களும் தலா 100. பறக்கும் உருவத்தில் வேகம் 127, சிறப்புத் தாக்குதல் 120, தாக்குதல் 103 என்று எகிறும். தற்காப்பு இரண்டும் 75க்கு இறங்கிவிடும். கூட்டிப் பாருங்கள், இரண்டிலும் மொத்தம் 600தான். பூ புதிதாக ஒன்றும் தரவில்லை, இருப்பதை இடம் மாற்றி வைக்கிறது. இன்னொரு குறும்பும் உண்டு. புல் வகையோடு பறக்கும் வகையும் சேர்வதால் பனித் தாக்குதல் நான்கு மடங்கு வலிக்கும். அதே பனியில் உறைந்தால் பறக்கும் வகை போய், வலி இரண்டு மடங்காகக் குறையும். உறைந்து கிடப்பதற்கு அதனால் என்ன ஆறுதலோ!

பையனைப் பகலில் ஆடச் சொல்லுங்கள், இரவில் தூங்கட்டும். இந்த விஷயத்தில் கிரசிடியா உங்கள் கட்சி.

கே: ஒரிகோரியோ பறவைக்கு நான்கு பூந்தேன் இருக்கிறதே, எதைக் கொடுப்பது?

ப: 2016இல் வந்த போக்கிமான் சன், மூன் கேம்களின் பறவை அது. சிவப்புத் தேன் குடித்தால் நெருப்பு வகை, மஞ்சள் என்றால் மின்சாரம், இளஞ்சிவப்பு என்றால் மனோசக்தி, ஊதா என்றால் பேய். பறக்கும் வகை நான்கிலும் உண்டு. அதன் சிறப்பு நடனத் தாக்குதலும் குடித்த தேனுக்கேற்ப வகை மாறும். எதிராளியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். என் ஓட்டு ஊதாவுக்கு: சாதாரண, மல்யுத்த, நிலத் தாக்குதல்கள் மூன்றும் அதன்மேல் படவே படாது.

கே: நிஜத்தில் இப்படி ஒரு செடி உண்டா, அல்லது எல்லாமே கப்சாவா?

ப: உண்டு, ஓக் மரம். அமெரிக்காவின் தென்மேற்கில் நெமோரியா அரிசோனேரியா என்றொரு அந்துப்பூச்சி இருக்கிறது. அதன் வசந்தகாலப் புழுக்கள் ஓக் பூச்சரத்தைத் தின்று, மஞ்சளாய், மேடும் பள்ளமுமாய், அந்தப் பூச்சரம் போலவே ஆகிவிடும். கோடையில் பிறப்பவை இலையைத் தின்று, சுள்ளி போல வளரும். பறவையின் கண்ணுக்கு ஒன்று பூ, இன்னொன்று குச்சி.

பருவம்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். எரிக் கிரீன் என்ற ஆய்வாளர் 1989இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அதைத் தீர்த்து வைத்தது. பூ தின்றவை பூவாயின, இலை தின்றவை சுள்ளியாயின. பூவோடு டானின் என்ற துவர்ப்புப் பொருளைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தபோதோ, பூவைத் தின்றும் சுள்ளியாகவே வளர்ந்தன. முற்றிய இலையில் டானின் அதிகம். புழு அதை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. தேனின் நிறம் பார்த்து மாறும் ஒரிகோரியோ இதற்குத் தூரத்துச் சொந்தம் என்பேன்.

கே: மாரியோவைப் பெரிதாக்கும் காளானை இந்தச் செடிப் பகுதியில் ஏன் எப்போதும் ஒதுக்குகிறீர்கள்?

ப: காளான் தாவரமே இல்லை சார், அது பூஞ்சை. 1985இன் அதே சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வரும் தீப்பூவைக் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.