பத்து மணிக்குப் பூட்டிய வைஃபை நள்ளிரவில் திறப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

இங்கே தென்னாப்பிரிக்காவில் வீட்டு இணையத்துக்குப் பெற்றோர் வைக்கும் கட்டுப்பாடுகளையும் பிள்ளைகள் அவற்றைத் தாண்டும் வழிகளையும் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. கடிதம் எழுதிய தந்தையும் அவருடைய மகனும் இதே இதழை ஒரே மேசையில் வைத்துப் படிக்கக்கூடும் அல்லவா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். இரவு பத்து மணிக்குப் பிறகு அவனுடைய கைபேசிக்கு வைஃபை கிடைக்காதபடி ரௌட்டரில் நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் நள்ளிரவு தாண்டிய பிறகும் அவன் அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரிகிறது. ரௌட்டரின் பட்டியலில் அவனுடைய கைபேசி தடுக்கப்பட்டதாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரில்லாத ஏதோ ஒரு கருவி இணைந்திருக்கிறது. அவன் என்ன செய்கிறான்? கைபேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த்

பதில்: பெயரில்லாத அந்தக் கருவி பெரும்பாலும் உங்கள் மகனுடைய கைபேசியாகவே இருக்கும். இது யாருடைய கைபேசி என்பது ரௌட்டருக்குத் தெரியாது. ஒவ்வொரு கருவியும் தன்னை அறிவித்துக்கொள்ளும் மேக் முகவரி என்ற ஓர் எண்ணைத்தான் அது பார்க்கிறது. நீங்கள் தடுத்து வைத்திருப்பதும் அந்த எண்ணைத்தான், கைபேசியை அல்ல. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகிய பதிப்புகளிலிருந்து, கைபேசிகள் தங்கள் உண்மையான முகவரியை மறைத்துக்கொண்டு, வைஃபைக்கு வைஃபை வேறான ஒரு புனைமுகவரியைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கடைத்தொகுதிகளும் விமான நிலையங்களும் ஒருவருடைய நடமாட்டத்தை அவருடைய கைபேசியின் முகவரியைக் கொண்டு பின்தொடர்வதைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு இது. ஆனால் அமைப்புகளுக்குள் சென்று அந்த ஒரு தெரிவை மாற்றினால், உங்கள் ரௌட்டருக்கு அதே கைபேசி புத்தம் புதிய விருந்தாளியாகத் தெரியும்.

மகனைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரிப்பதற்கு முன் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த முகவரி, பிள்ளை ஒன்றும் செய்யாமலேயே மாறியிருக்கவும் கூடும். ஐஃபோனின் புதிய பதிப்புகளில் அதைச் சுழற்சி முறையில் தானாக மாறும்படி வைக்க முடியும். பூட்டு தானாகத் திறந்து கிடந்தது என்று அவன் சொன்னால், அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திறந்து கிடப்பதைக் கண்டும் அவன் உங்களிடம் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

தீர்வு எளிது. கருவிகளை ஒவ்வொன்றாகத் தடுப்பதை விட்டுவிடுங்கள். இக்காலத்து ரௌட்டர்கள் பலவற்றில் விருந்தினருக்கென்று இரண்டாவது வைஃபை ஒன்றை உருவாக்க முடியும். பிள்ளைகளின் கருவிகள் அனைத்தையும் அதில் சேர்த்து, அந்த வைஃபையே பத்து மணிக்கு அணையும்படி செய்துவிட்டால், எந்தக் கைபேசி எந்த முகவரியைக் காட்டுகிறது என்ற கவலையே இல்லை. பெரியவர்களுக்கான வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கடவுச்சொல் வெளியேறும் வழியைச் சொல்லத்தான் வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் வைஃபை அமைப்பைத் திறந்து பகிர் என்பதைத் தொட்டால் திரையில் ஒரு கியூஆர் கட்டம் தோன்றும். சமையலறை மேடையில் பூட்டாமல் கிடக்கும் தாயின் கைபேசியில் அதைத் திறந்து, தன் கைபேசியால் படம் பிடித்துக்கொள்ள ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் கூட ஆகாது.

இவ்வளவையும் செய்த பிறகும் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தால், அவன் உங்கள் வீட்டு வைஃபையைப் பயன்படுத்தவில்லை, மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துகிறான் என்றே பெரும்பாலும் பொருள். நம் நாட்டில் விற்கப்படும் டேட்டாத் தொகுப்புகள் பலவற்றில் ஒரு பகுதி நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் மட்டுமே செல்லுபடியாகும். பகல் நேர டேட்டாவைவிட அது மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும். பெற்றோர் உறங்கச் சொல்லும் அதே நேரத்தில் நிறுவனங்கள் விழித்திருக்கச் சொல்லிக் கூலி கொடுக்கின்றன என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றுவதுண்டு. இதை ரௌட்டரால் தடுக்கவே முடியாது. கைபேசிக்குள்ளேயே அமைக்கப்படும் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் போன்ற ஏற்பாடுகள்தான் எந்த இணைப்பாக இருந்தாலும் செல்லும். உங்களுக்குத் தெரியாத ஒரு சிம் அவனிடம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சிம் வாங்குபவரின் விவரங்களைச் சட்டப்படி பதியும் ரைக்கா பதிவு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று சொல்லித் தெருவோரத்தில் விற்கப்படும் சிம், யாரோ ஒருவருடைய பெயரில் இருக்கும். அந்த எண் தொலைந்தாலோ திருடப்பட்டாலோ, அதில் இருந்த வாட்ஸ்ஆப்பை மீட்க உங்கள் மகன் தன் பெயரில் எந்த உரிமையும் கோர முடியாது. அந்த விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

கைபேசியைப் பிடுங்குவது பற்றி: வீட்டுப்பாடமும் வகுப்பு அறிவிப்புகளும் வாட்ஸ்ஆப் குழுவில் வரும் காலத்தில், பிடுங்கிய கைபேசியை நீங்களே மறுநாள் மாலை திருப்பிக் கொடுக்க நேரும். இரவில் மட்டும், வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். உங்களுடையது மட்டும் படுக்கையறைக்கு வரும் என்றால் இந்த ஏற்பாடு ஒரு வாரம் கூடத் தாங்காது.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்சாரம் போய் வந்தால் நேரக் கட்டுப்பாடு வேலை செய்வதில்லை. போன மாதம் ரௌட்டரில் நாங்கள் வைத்திருந்த எல்லா அமைப்புகளும் அழிந்துபோயின. லோட் ஷெடிங்கினால் அப்படித்தான் ஆகும் என்கிறாள் மகள். உண்மையா?
– ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி பெரும்பாலும் உண்மையல்ல. மலிவான ரௌட்டர்கள் பலவற்றில் கடிகாரத்தைக் காப்பாற்றும் மின்கலம் கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் அவை 1970 ஜனவரி 1ஆம் நாள் என்றோ, தயாரித்தவர் வைத்த வேறொரு நாள் என்றோ நினைத்துக்கொண்டு எழும். இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெறும்வரை நேரக் கட்டுப்பாடு குருட்டாம்போக்கில்தான் இருக்கும். ரௌட்டரின் நேர மண்டலம் கிரீன்விச்சில் நின்றுவிட்டதா என்பதையும் பாருங்கள். நாம் அதற்கு இரண்டு மணி முன்னால் இருப்பதால், பத்து மணிக்கு விழ வேண்டிய பூட்டு நம் வீட்டில் பன்னிரண்டு மணிக்குத்தான் விழும். 2023இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டை அனுபவித்த நமக்கு எதையும் லோட் ஷெடிங்கின் தலையில் போடுவது பழகிவிட்டது. பிள்ளைகளுக்கும் அது கைவந்த சாக்கு.

ஆனால் மின்வெட்டு, சேமித்து வைத்த அமைப்புகளை வழக்கமாக அழிப்பதில்லை. ரௌட்டரின் பின்புறத்தில் ஊசித் துளை போன்ற ஒரு சிறு துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதற்குள் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு அது திரும்பிவிடும். அடிப்பக்கத்து ஒட்டுச்சீட்டில் அச்சிட்டிருக்கும் பழைய வைஃபை பெயர் மறுபடியும் வந்திருந்தால், நடந்தது அதுதான். சில இணைப்புகளில் அதன் பிறகு இணையமே வராது. நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடி இட வேண்டும். வேறு சில இணைப்புகளில் இணையம் தானாக வந்துவிடும், கட்டுப்பாடுகள் மட்டும் போயிருக்கும். மகள் விழித்திருந்ததைவிட எனக்குக் கவலை தருவது வேறு: நிர்வாகக் கடவுச்சொல்லும் இப்போது ஒட்டுச்சீட்டில் உள்ளதாகிவிட்டது, சில மாடல்களில் அது உலகுக்கே தெரிந்த ‘அட்மின்’ என்ற சொல்தான். இன்றே அதை மாற்றுங்கள். மகள் பிறந்த ஆண்டை வைக்காதீர்கள்.

கேள்வி: என் மாமியார் கைபேசியில் யூடியூபில் தேவாரம் கேட்பார், அவ்வளவுதான். மாதத்துக்கு வாங்கித் தரும் டேட்டா சில நாட்களில் தீர்ந்துவிடுகிறது. தேவாரம் இவ்வளவு டேட்டா எடுக்குமா?
– மருமகள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நாள் முழுக்கக் கேட்டால் எடுக்கவும் கூடும். ஆனால் முதலில், மாமியாரின் கைபேசியில் ஹாட்ஸ்பாட், அதாவது அதன் டேட்டாவை வேறு கருவிகளுக்குப் பகிரும் வசதி, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் பதின்ம வயதினர் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆண்ட்ராய்டில் டேட்டா பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்தால், யூடியூப் எவ்வளவு எடுத்தது, ஹாட்ஸ்பாட் எவ்வளவு எடுத்தது என்று தனித்தனியே காட்டும். இது மாமியாருக்குத் தெரியாமல் நடக்கிறது என்று நீங்கள் நம்பக்கூடும். எனக்கு அதில் அவ்வளவு நிச்சயமில்லை. பேரன் கேட்டு இல்லை என்று சொன்ன ஆயாவை நான் இன்னும் பார்த்ததில்லை.

கேள்வி: மகளின் கைபேசியில் இலவச விபிஎன் செயலி ஒன்றைக் கண்டேன். நாங்கள் தடுத்திருந்த தளங்கள் எல்லாம் அதன் வழியாகத் திறக்கின்றன. இது சட்டவிரோதமா?
– ஒரு தந்தை, லெனேஷியா

பதில்: தென்னாப்பிரிக்காவில் விபிஎன் பயன்படுத்துவது குற்றமல்ல, அலுவலகங்கள் பலவற்றில் அது அன்றாடக் கருவி. ஆனால் இதுவரை நான் சொன்ன வழிகள் பலவற்றில் பிள்ளைக்குப் போவது தூக்கம் மட்டுமே. இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மகள் சுவர் ஏறிக் குதித்தாள் என்பதைவிட, சுவருக்கு அப்பால் யாருடைய வண்டியில் ஏறினாள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

விபிஎன் இயங்கும்போது கைபேசியிலிருந்து புறப்படும் அனைத்தும் மறைகுறியாக்கப்பட்டு ஒரே நிறுவனத்தின் சேவையகத்துக்குச் செல்வதால், உங்கள் ரௌட்டருக்கு எந்தத் தளமும் தெரிவதில்லை. அந்த நிறுவனத்துக்கு எல்லாத் தளங்களின் பெயரும் தெரிகிறது. வங்கிப் பக்கத்தின் உள்ளடக்கத்தையோ வாட்ஸ்ஆப் செய்தியையோ அதனால் எளிதில் படிக்க முடியாது என்றாலும், யார் எந்த நேரத்தில் எங்கே போகிறார் என்ற வரலாறே விற்பனைக்கு உரிய சரக்குதான். ஃபேஸ்புக் நிறுவனம் 2013இல் வாங்கிய ஓனாவோ என்ற விபிஎன் செயலி, பயனர்கள் வேறு எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தை ஃபேஸ்புக்குக்குத் தந்துகொண்டிருந்தது. 2018இல் ஆப்பிளின் கடையிலிருந்து அது விலக்கப்பட்டது. 13 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்து அதே வகையான செயலியை அந்நிறுவனம் நிறுவச் செய்தது 2019 ஜனவரியில் அம்பலமானது. ஹோலா என்ற இலவசச் சேவையின் கதை இன்னும் மோசம். தன் இலவசப் பயனர்களின் இணைய இணைப்பையே அது பிறருக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015இல் வெளிவந்தது. அப்படிப்பட்ட ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் செய்த காரியத்தின் தடம் உங்கள் ஃபைபர் இணைப்பின் மீது விழும்.

செயலியை நீக்கியதோடு நின்றுவிடாதீர்கள். அமைப்புகளில் விபிஎன் என்ற பகுதியைத் திறந்து, அது விட்டுச்சென்ற சுயவிவரமோ சான்றிதழோ இருந்தால் அதையும் அழியுங்கள். புதிய செயலி எதுவானாலும் உங்கள் ஒப்புதல் இருந்தால்தான் நிறுவ முடியும் என்ற அமைப்பை வையுங்கள். அதைவிட முக்கியமாக, எந்தத் தளத்துக்காக அவளுக்கு விபிஎன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். வடிகட்டிகள் கண்மூடித்தனமானவை, உடல்நலம், மாதவிடாய், மனச்சோர்வு பற்றிய நல்ல பக்கங்களையும் அவை தடுத்துவிடுவதுண்டு. காரணம் அப்படி ஏதாவது இருந்தால், பூட்டைத் தளர்த்த வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: ஐயா, நான் பதினோராம் வகுப்பு மாணவி. ஒன்பது மணிக்கு அப்பா வைஃபையை நிறுத்திவிடுகிறார். எங்கள் கணிதக் குழு ஒன்பதரைக்குத்தான் பேசத் தொடங்கும். அதோடு, என் செய்திகளைப் படிக்கும் ஒரு செயலியையும் என் கைபேசியில் போட்டிருக்கிறார். நான் அதைத் தாண்டுவது தவறா?
– ஒரு மாணவி, டோங்காட்

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்ப்போம், மகளே. நேரத்தைப் பொறுத்தவரை, தாண்டாதே, பேரம் பேசு. குழு பேசும் நாட்களையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, அந்த நாட்களில் மட்டும் பத்தரை வரை, தேர்வு முடியும்வரை என்று கேள். உன் அப்பாவுக்கு ரௌட்டரில் அது இரண்டு நிமிட வேலை. இந்நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு, வயதும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும், அந்தக் கருத்துக்கு உரிய கவனம் கிடைக்கும் உரிமையையும் தருகிறது. வைஃபை நேரத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டமல்ல அது. அப்பாவிடம் அதை எடுத்து நீட்டாதே. பேரம் அங்கேயே முறிந்துவிடும்.

செய்தி படிக்கும் செயலியைப் பொறுத்தவரை, இந்தப் பதிலை அப்பாவும் படிக்கட்டும். அத்தகைய செயலிகள் பிள்ளையின் செய்திகளைப் பெற்றோருக்கு மட்டும் காட்டுவதில்லை; அவற்றை விற்கும் நிறுவனத்தின் சேவையகத்திலும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. உன் தோழிகள் உன்னை நம்பி எழுதியதும் அதில் அடக்கம்; அதற்கு அவர்கள் யாரும் சம்மதம் கொடுக்கவில்லை. அச்சுறுத்தலோ, அந்நியர் தொடர்போ இருந்தாலொழிய, 16 வயதுப் பெண்ணின் கைபேசியில் அதற்கு இடமில்லை என்பதே என் கருத்து. பெரியவர்கள் சிலர் இதற்கு மாறாக எனக்கு எழுதுவார்கள்; எழுதட்டும்.

கேள்வி: ஆபாசத் தளங்களை மட்டும் தடுத்தால் எங்களுக்குப் போதும். எளிய வழி உண்டா?
– ஒரு தாய், மெரிபேங்க்

பதில்: உண்டு. தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர்; ரௌட்டரின் டிஎன்எஸ் அமைப்பில் 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் இடுங்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் குடும்பங்களுக்கு இலவசமாகத் தரும் சேவை அது. ஆபாசத் தளங்களையும் தீங்கு செய்யும் தளங்களையும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்துத் தடுக்கும். கைபேசியில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற அமைப்பையோ, உலாவியில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற தெரிவையோ வேறொன்றாக மாற்றிவைத்தால் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம் என்பதால், அவ்விரண்டையும் பிள்ளைகளின் கைபேசிகளில் ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் என்றால் அது கூடத் தேவைப்படாது.